கேக்காமலே குடுத்தவ

அந்தப் பெஞ்சில உக்காராதம்மா, ஒரு கால் ஆடும். இங்கன வா, என் பக்கத்துல. செராக்ஸ் கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. செவ்வாய்க்கிழமை ஆனா நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்னு அவருக்குத் தெரியும். எதுத்தாப்ல இருக்க மஞ்சக் கட்டடத்துக்குத்தானே வந்திருக்க? பிள்ளையப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. முத நாளா? புதுசா வர்றவங்கள பைய்யத்தான் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் உள்ள உக்காந்து என்ன செய்யப் போற, ஒரே அழுகைச் சத்தமா இருக்கும்.

பேரென்ன, மகிழினியா? நல்ல பேரு. மகிழினி... ஏ மகிழினி... பாக்க மாட்டேங்காளே. சரி, விடு. எங்க பயலும் இப்படித்தான். கூப்பிட்டா திரும்ப மாட்டான். அடுப்பாங்கரையில பிஸ்கட் கவர் சரசரன்னா முத ஆளா வந்து நிப்பான்.

எங்க பயலுன்னா, என் தங்கச்சி மவன். யுகன். தங்கச்சி பேரு வடிவு. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க, இப்ப கிளாஸ் நடக்கும். நான் உள்ள போறதில்ல. போகக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. வாட்ச்மேன்கிட்டயே சொல்லி வச்சிருக்காவன்னா பாத்துக்கோயேன். நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா?

இரு, சொல்லுதேன். நீயும் பிள்ளையக் கொண்டுட்டு வந்திருக்கல்லா, தெரிஞ்சுக்கிடறது நல்லதுதான்.

எனக்குன்னு பிள்ளை கிடையாது. வீட்டுக்காரரு லாரியில போனவரு, கல்யாணமான கொஞ்ச வருசத்துல விபத்துல போய்ச் சேந்துட்டாரு. சங்கரன்கோவில்ல கொழுந்தன் வீட்டுல சோறு பொங்கிப் போட்டுக்கிட்டுக் கிடந்தேன். வடிவுக்கு ரொம்ப நாளு கழிச்சு இவன் பொறந்தான். அவளுக்கு இங்க பாளையங்கோட்டையில கூட்டுறவு பேங்க்ல வேலை. மாப்பிள்ளைக்கு கரண்ட் ஆபீஸ்ல. பேறுகால லீவு முடிஞ்சா பிள்ளைய யாருகிட்ட விடுறது? அவளே கொழுந்தன் வீட்டு வாசல்ல வந்து நின்னா. "அக்கா, உன்னைய விட்டா எனக்கு யாருக்கா இருக்கா"ன்னா. இதே வாயாலதான் சொன்னா.

அன்னையிலருந்து அவன் என் பிள்ளை. பெத்தவ அவ, இல்லேங்கல. வளத்தது யாரு? அவன் யாரு தூக்கினாலும் வில்லு மாதிரி வெறைச்சுக்கிட்டு அலறுவான். என் கை பட்டா அடங்கிருவான். அவன் கண்ணு போற எடத்தப் பாத்தே நான் சொல்லிருவேன். தண்ணிக் குடத்துப் பக்கம் போனா தாகம். வாசல்ல செருப்ப மிதிச்சுக்கிட்டு நின்னா வெளிய போகணும். உதட்ட உள்ள மடிச்சா பாலு. அவன் கை நீளுமுன்ன என் கை போயிரும். ஒரு நாளாவது 'எனக்கு இது வேணும்'னு அவன் கேக்கும்படியா விட்டிருப்பேனா? விட்டதில்ல. தெருவுல உள்ளவங்கல்லாம் சொல்லுவாங்க, "கோமதி, பெத்தவகூட இப்படிப் பாக்க மாட்டா"ன்னு. வடிவும் அதக் கேட்டுக்கிட்டு நிப்பா.

ரெண்டு வயசு ஆச்சு, பேச்சு வரல. தடுப்பூசி போடப் போன எடத்துல டாக்டரு, பிள்ளை பேர் சொன்னா திரும்புதானா, விரல நீட்டிக் காட்டுதானான்னு கேட்டிருக்காரு. பெரிய ஆசுபத்திரியில ஒரு தடவை காட்டிருங்கன்னு சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து வடிவு ஒரே அழுகை. நான் அவளத் திட்டினேன். "ஏட்டி, நம்ம அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினாவன்னு ஆச்சி சொல்லலியா? ஆம்பளப் பிள்ளைக்கு நாக்கு பைய்யத்தான் புரளும்"னேன். அவ கேக்கல. தினமும் வேலை விட்டு வந்ததும் இதே கேள்விதான். "அக்கா, இன்னைக்கு ஏதாவது சொன்னானா?"

பாவமா இருக்கும்மா. பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்திருப்பா. முகமெல்லாம் எண்ணெய் வடிஞ்சு போயி, ஹேண்ட்பேக்கக்கூட இறக்காம நின்னு கேப்பா. ஒரு நாளு, "ஆமாட்டி, சொன்னான். பெரிம்மான்னு சொன்னான்"னேன்.

பொய்யின்னு நினைக்கியா? குளிப்பாட்டும்போது 'பெ'ன்னு ஒரு சத்தம் வந்துது. என் காதால கேட்டேன். மிச்சத்த நான் சேத்துச் சொன்னேன், அவ்வளவுதான். அவ முகம் எப்படி மலந்துது தெரியுமா? மாப்பிள்ளை கடைக்கு ஓடிப் போயி அல்வா வாங்கிட்டு வந்தாவ. அப்புறம் தினமும் ஏதாவது ஒண்ணு சொல்ல வேண்டியதாப் போச்சு. இன்னைக்கு 'பாலு'ன்னான். இன்னைக்கு 'காக்கா'ன்னான். "எங்க முன்னால சொல்ல மாட்டேங்கானே"ன்னு அவ ஏங்குவா. "பகல் பூரா கூட இருக்கவகிட்டதான சொல்லுவான்"னேன். தப்பா? நீ சொல்லு. ஒரு வருசம் அந்த வீட்டுல நிம்மதியாத் தூங்கினாங்க, என்னாலதான்.

பொறவு பால்வாடியில சேத்தாங்க. ஒரு வாரத்துல அந்த டீச்சரு திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டா. மத்த பிள்ளைங்க பக்கமே போகலையாம், மூலையில உக்காந்து தட்ட உருட்டிக்கிட்டே இருந்தானாம். ஒரு சொல்லு பேசலையாம். வடிவு என்னையப் பாத்தா. நான் அடுப்பப் பாக்கப் போயிட்டேன்.

அப்புறந்தான் டாக்டரு, டெஸ்ட்டு, எல்லாம். ஆட்டிசம்னுட்டாங்க. பயப்படாதீங்க, நோயில்ல இது, பிள்ளையோட மூளை வேற மாதிரி வேலை செய்யுது, சின்ன வயசுலயே பழக்குனா நல்லா வருவான்னு சொன்னாங்களாம். இந்த மஞ்சக் கட்டடத்துக்கு அனுப்பி விட்டாங்க. இங்க டீச்சரு பேரு ஜெசிந்தா. உனக்கும் அவதான் வருவா பாரு, சின்னப் பிள்ளைதான், கண்ணாடி போட்டிருப்பா. முத நாளு அவ எல்லாத்தையும் கேட்டா. "பேச்சு எதுவும் வந்து நின்னு போச்சா?"ன்னா. வடிவு, "பெரியம்மாகிட்ட மட்டும் பேசுவான்"னா. ஜெசிந்தா என்னையத் திரும்பிப் பாத்து, "என்னென்ன சொல்லுவான், அம்மா?"ன்னா. நான் என்னத்தச் சொல்ல? "அதெல்லாம் ஞாபகமில்ல"ன்னேன். அவ ஒண்ணும் எழுதல. பேனாவ மூடிட்டு, "ஒரு வருசம் முந்தியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். பரவாயில்ல, இப்பவாவது வந்தீங்களே"ன்னா. வடிவு தலையக் குனிஞ்சுக்கிட்டா.

முதல்ல நானுந்தான் உள்ள உக்காந்திருந்தேன். என்ன செய்தா தெரியுமா? சோப்புத் தண்ணி முட்டை விடுவாங்கல்லா, அதுல ரெண்டு ஊது ஊதினா. பயலுக்கு ஒரே குதி. உடனே மூடியப் போட்டு டப்பாவக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்துட்டா. பிள்ளை அலறுதான், தரையில புரளுதான், இவ கல்லுப் பிள்ளையாரு மாதிரி உக்காந்திருக்கா. பக்கத்துல ஒரு அட்டை கிடக்கு, முட்டை படம் போட்டு. அத எடுத்து அவ கையில குடுத்தாத்தான் ஊதுவாளாம். எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சுப் போயி டப்பாவப் பிடுங்கி நானே ஊதினேன். அழுகை நின்னுது.

ஜெசிந்தா கோவப்படல, அதையும் சொல்லணும். வெளிய கூட்டிட்டு வந்து மெதுவாத்தான் சொன்னா. "அம்மா, நீங்க அவன் மேல வச்சிருக்க பாசம் எனக்குத் தெரியுது. ஆனா அவன் கேக்குறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் குடுத்துர்றீங்க. அவனுக்குக் கேக்கணும்னே தோணல. நீங்க இல்லாத எடத்துல அவன் என்ன செய்வான்?"

"நான் ஏன் இல்லாமப் போறேன்?"னு கேட்டேன்.

வீட்டுலயும் அட்டை வந்துட்டு. பிரிட்ஜ் கதவுல வரிசையா ஒட்டிப் போட்டாங்க. பாலு, தண்ணி, பிஸ்கட்டு, வெளிய போறது. ஒரு அட்டையில பிள்ளை ஒண்ணு அழுதுக்கிட்டு நிக்கும், உடம்புல செவப்பாப் புள்ளி. அது வலி அட்டை. எங்கயாவது வலிச்சா அதக் கொண்டுவந்து குடுக்கணும். அந்த ஒண்ணப் படிக்க அவனுக்கு மாசக்கணக்காச்சு. ஒரு நாளு இங்க ஸ்டூலுக்கு இடையில கால் விரல் மாட்டிக்கிட்டுதாம். அழுதுக்கிட்டே போயி அந்த அட்டைய எடுத்துட்டு வந்து ஜெசிந்தா கையில வச்சானாம். வடிவு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால விழுந்து கும்பிட்டா. எனக்கு வயிறு எரிஞ்சுது. வலிக்குன்னு சொல்ல ஒரு பிள்ளைக்குக் காகிதம் வேணுமா? முகத்தப் பாத்தாத் தெரியாதா? பாலுன்னு அட்டை குடுக்க வச்சு, குடுத்த பொறவுதான் பால் தர்றது. நாய்க்குப் பழக்குற மாதிரி. இப்படிப் பழகினா பொறவு வாயத் திறந்து எப்படிப் பேசுவான்? அட்டை இருந்தாப் பேச்சு வராதுன்னு யாரும் நினைக்க வேண்டாம், அது பேச்சுக்கு ஏணின்னு ஜெசிந்தா சொன்னாதான். சொல்லுவா. அவ பெத்தாளா, வளத்தாளா?

அதனால ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் நான் அட்டையெல்லாம் உருவி மொறத்துக்கு அடியில வச்சிருவேன். சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள இருந்த மாதிரியே ஒட்டிருவேன். பகல்லயாவது பிள்ளை பிள்ளையா இருக்கட்டும்னுதான். அழ விட மாட்டேன். எப்பவும் போலக் கேக்காமலே குடுப்பேன். வடிவு பொலம்புவா, "அங்க நல்லாக் கேக்கான், வீட்டுல ஏனோ மறந்துர்றான்"னு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன்.

முறுக்கு தின்பாளா மகிழினி? என் பையவே பாக்கா பாரு. ஏன் வேண்டாங்குத? அவ கேக்கலையா? கண்ணு கேக்குதே, உனக்குத் தெரியல? சரி சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் வச்சுக்கிடுதேன்.

ஐப்பசி மாசம். விடாத மழை. பயலுக்குச் சளி பிடிச்சு, லேசாச் சுடவும் செஞ்சுது. மாப்பிள்ளை ட்ரெயினிங்னு மதுரைக்குப் போயிருந்தாவ. வடிவுக்கு பேங்க்ல ஆடிட்டு. "அக்கா, டாக்டர்கிட்ட காட்டட்டுமா, லீவு கேட்டுப் பாக்கேன்"னு கேக்கத்தான் செஞ்சா. "ஏட்டி, சளிக்குப் போயி லீவா? நான் இருக்கேன்லா, எனக்குத் தெரியாதா"ன்னு அனுப்பி வச்சேன். காய்ச்சல் மருந்து குடுத்தேன். அடங்கினா மாதிரி இருக்கும், பொறவு ஏறும்.

பகல்ல அழ ஆரம்பிச்சான். அவன் அழுகை எனக்கு அத்துப்படி. பசி அழுகை வேற, தூக்க அழுகை வேற. இது ரெண்டும் இல்ல. அடந்தான்னு நினைச்சேன், இங்க போட்டு அழ வச்சு அழ வச்சு வந்த அடம். வலது காதப் பொத்திக்கிட்டான். அவன் எப்பவும் பொத்துறதுதானே? மிக்ஸி ஓடினாப் பொத்துவான், பக்கத்து வீட்டுல ஆணி அடிச்சாப் பொத்துவான். இடிச் சத்தத்துக்குப் பொத்துதான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க.

அழுதுக்கிட்டே பிரிட்ஜ் பக்கம் போவான். உள்ளங்கைய வச்சு கதவத் தடவுவான், மேலருந்து கீழ வரைக்கும். பொறவு திரும்பி என் முகத்தப் பாப்பான். யாரு முகத்தையும் பாக்காத பிள்ளைம்மா அது. அன்னைக்கு என்னையப் பாத்தான். எனக்கு உடம்பே புல்லரிச்சுப் போச்சு. ஐஸ்கிரீம் கேக்கான்னு புரிஞ்சுது. எடுத்து ஊட்டினேன். தட்டி விட்டான். பாலு குடுத்தேன், அதையும் தட்டி விட்டான். மறுபடியும் போயிக் கதவத் தடவுதான். நகத்த வச்சுச் சுரண்டுதான். சுரண்டிச் சுரண்டி விரல்ல ரத்தம் வந்துட்டு. பொறவு தலையக் கொண்டு சுவத்துல முட்ட ஆரம்பிச்சான். நான் சுவத்துக்கும் அவன் தலைக்கும் நடுவுல என் உள்ளங்கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கை வீங்கிப் போச்சு. யாரு செய்வா அப்படி?

அந்த வாரம் பூரா இப்படித்தான். வடிவு ஆடிட்டு முடிஞ்சு ராத்திரி வர்றதுக்குள்ள மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவேன், காய்ச்சலோட கிளாஸுக்கும் அனுப்பல. கடைசியில ஒரு நாளு சாயங்காலம் வடிவு வந்து அவனத் தூக்கினா. காதுக்குப் பின்னால மொத்தமா வீங்கிச் செவந்து போயி, காது மடல் தனியாத் தள்ளிக்கிட்டு நிக்கி. தலகாணியெல்லாம் சீழு. தூக்கிக்கிட்டு மழையோட மழையா ஓடினா.

காதுக்குள்ள புடிச்ச சீழு எலும்பு வரைக்கும் போயிட்டுதாம். அறுத்துத்தான் எடுத்தாங்க. கொஞ்சம் பிந்தியிருந்தா மூளைக்குப் போயிருக்கும்னாங்க. உசிரு பொழைச்சிட்டு. வலது காது போச்சு. இனி அதுல கேக்காது.

எல்லாரும் என்னையச் சொல்லுதாங்க. காதுக்குள்ள வலிக்கிறது வெளிய தெரியுமா? டாக்டரே லைட்டு அடிச்சு, குழாய விட்டுல்லா பாத்தாரு?

வார்டுல ஜெசிந்தா பாக்க வந்தா. பிள்ளை மயக்கத்துல கிடக்கான், தலையச் சுத்திக் கட்டு. அவ அவன் காலத் தடவிக்கிட்டே, பொதுவாத்தான் கேட்டா, "வலி அட்டைய எடுத்துட்டு வரலியா? நல்லாப் படிச்சிருந்தானே. காய்ச்சல்ல மறந்துட்டானோ?"ன்னு.

நான் உள்ளத உள்ளபடி சொன்னேன். அதான் நான் செஞ்ச தப்பு. "பகல்ல அதெல்லாம் நான் எடுத்து வச்சிருவேம்மா. பிரிட்ஜுல ஏது அட்டை?"ன்னேன்.

வடிவு என்னையப் பாத்தா. "அக்கா, பிரிட்ஜுக் கதவப் போட்டுச் சுரண்டுனான்னு சொன்னியே. எந்த எடத்துல சுரண்டுனான்?"

"நடுவுல. அந்த அட்டையெல்லாம் ஒட்டுற எடத்துல"ன்னேன்.

அவ சத்தம் போடல. போட்டிருந்தாத் தேவல. சேலைத் தலப்ப வாயில திணிச்சுக்கிட்டு வார்டுக்கு வெளிய போயி, கை கழுவுற எடத்துல தரையில உக்காந்துட்டா. ஜெசிந்தாதான் எனக்கு விளக்கிச் சொன்னா, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி: "அவன் ஐஸ்கிரீம் கேக்கலம்மா. வலிக்குதுன்னு சொல்ல அட்டையத் தேடியிருக்கான். கிடைக்காம உங்க முகத்தப் பாத்திருக்கான்."

இவளுக்கு எப்படித் தெரியும்? இவ வீட்டுல இருந்தாளா? பக்கத்துல இருந்தவ நான். அவன் என்ன நினைச்சான்னு எனக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிஞ்சு போச்சு?

மாப்பிள்ளை மதுரையிலருந்து வந்ததும் வராததுமா, "மதினி, நீங்க ஊருக்குக் கிளம்புங்க"ன்னாவ. வடிவு வேலைய விட்டுட்டா. என் சேலையெல்லாம் மடிச்சு கட்டப்பையில வச்சு அவளே தந்தா. வாசல் வரைக்கும் வந்தா. "அக்கா, அவன் பேசினான் பேசினான்னு சொன்னியே, அதுல ஒண்ணாவது நிசமா?"ன்னு கேட்டா. "எனக்குக் கேட்டுதுட்டி"ன்னேன். கதவச் சாத்திட்டா.

இப்ப சங்கரன்கோவில்லருந்து வாரம் தவறாம பஸ் பிடிச்சு வாரேன். இங்க உக்காந்து, வெளிய வரும்போது ஒரு பார்வை பாத்துட்டுப் போவேன். கிட்டப் போறதில்ல. போனா அவ முகம் மாறிரும். ஆனா அவன் என்னையத் தேடத்தான் செய்வான். எனக்குத் தெரியும்.

அந்தா, கதவு திறந்துட்டு. வடிவுதான். நீலச் சட்டை போட்டிருக்கான் பாரு, அவன்தான். வளந்துட்டான்லா? இன்னைக்கு என்னமோ மனசு கேக்கலம்மா. இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கோ. கிட்டப் போயி ஒரு தடவை தொட்டுட்டு வந்துருதேன். இந்தப் பக்கமாப் போனா அவனுக்குக் கேக்காது, அந்தப் பக்கமாப் போறேன்.

யுகா! ஏ யுகா! பெரிம்மா வந்திருக்கேன்டா!

...

பாத்தியா? இங்கன இருந்து பாத்தேல்லா?

வாயத் திறந்தானே! என் வயித்துல ரெண்டு கையையும் வச்சுத் தள்ளிக்கிட்டு, 'போ'ன்னான். தெளிவாச் சொன்னாம்மா. 'போ. போ'. வடிவு அப்படியே நின்னுட்டா. இது வரைக்கும் அவன் ஒரு சொல்லு சொன்னதில்லையாம், இதுதான் முத சொல்லாம். ஜெசிந்தா உள்ளருந்து ஓடி வாரா. வடிவு கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிக்கவும் செய்யுதா. என் தோளப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, கேட்டுட்டான்க்கா. வாயத் திறந்து கேட்டுட்டான். கேட்டா உடனே குடுக்கணும். நில்லாத, போயிரு"ங்கா.

பின்னால வந்துட்டேன். வந்த உடனே தள்ளுறத நிப்பாட்டிட்டான், கவனிச்சியா? அழல, கொள்ளல. தானா ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டான். வடிவு அவனக் கட்டிக்கிட்டு முத்தம் குடுத்தா, ஆட்டோ போற வரைக்கும் பாத்தேன்.

உன்னையக் கூப்பிடுதாங்க பாரு. எந்திரி. பிள்ளைய ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்க, அவளுக்கு மூச்சு முட்டுமே.

எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டி நடு ரோட்டுல நிக்கேன்லா, அவனுக்குப் பொறுக்கல. வெயில்ல நிக்காத, நிழலுக்குப் போன்னு சொல்லுதான். வடிவுக்கு அது எங்க புரியப் போகுது. அடுத்த வாரம் மறக்காமக் குடை கொண்டுட்டு வரணும்.